தண்டவாளத்தின் மேல் ஒரு கோலம்

அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். எழுதாவிட்டாலும் மயிலாப்பூரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். முன்கூடையில் ஒரு மரக்கிளையைப் போட்டுக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் போகிற இன்சூரன்ஸ் ஏஜென்ட் இந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்? இப்போது மகளோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். அங்கேயும் ரோடுகள் இருக்கும், ரோட்டில் பள்ளங்கள் இருக்கும். அவருக்குப் பொழுது போய்விடும்.

மாட வீதிகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, வளைந்து போகிற ஒரு பழைய தெருவில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு மிஷின் ஓடுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் தெருவைப் பார்ப்பதுதான் வேலை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் அவர் எனக்குப் பழக்கமானார்.

பள்ளம் விழுந்த ரோட்டில் மரக்கிளை நட்டு வைப்பது நம் ஊர் வழக்கம். காலையில் பள்ளம் விழும். மத்தியானத்துக்குள் அதில் ஒரு வேப்பங்கிளையோ, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியோ நின்றுகொண்டிருக்கும். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதெல்லாம் தானாக முளைக்கிறது என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் என் கடை வாசலிலேயே அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். கூடையிலிருந்து கிளையை எடுத்து, குழாய்க்காகத் தோண்டிவிட்டு மூடாமல் போன குழியில் நட்டார். பழைய புடவையில் கிழித்த சிவப்புத் துணி ஒன்றை அதன் நுனியில் கட்டினார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, "சார், இந்த ஆதார் கார்டு ரெண்டு காப்பி" என்றார்.

"எவனோ தோண்டின குழிக்கு நீங்க எதுக்கு மேடம் மெனக்கெடறீங்க?" என்று கேட்டேன்.

"பாத்துட்டேனே சார்" என்றார்.

அவ்வளவுதான். இதற்குமேல் விளக்கம் எதுவும் அவரிடமிருந்து எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பார்க்காத பள்ளம் தோண்டினவனுடையது, பார்த்துவிட்ட பள்ளம் பார்த்தவருடையது என்பதுதான் அவருடைய சட்டம். இந்தச் சட்டத்தால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அடையாறில் ஒரு பெரிய பாலிசிக்குக் கையெழுத்து வாங்கப் பட்டுப்புடவையோடு கிளம்பியவர், வழியில் மூடியில்லாத சாக்கடைத் துளையைப் பார்த்துவிட்டார். அன்றைக்கென்று கூடையில் கிளை இல்லை. மூடி வருகிற வரைக்கும் தன் சைக்கிளையே குறுக்கே நிறுத்திவிட்டு அங்கேயே நின்றிருக்கிறார். காத்திருந்து பார்த்த அந்த அடையாறுக்காரர் வேறு ஏஜென்ட்டைக் கூப்பிட்டுவிட்டார். இதை அவர் என்னிடம் வருத்தமாகச் சொல்லவில்லை. மூடி நல்ல கனமான மூடி, இனிமேல் அசையாது என்று சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அவருடைய வீட்டுக்காரர் சாது. ஒருமுறை காப்பி எடுக்க வந்தவர், "கல்யாணமான புதுசுல இருந்து நாங்க தி.நகர்ல, கோடம்பாக்கத்துல எத்தனையோ சினிமா பாத்திருக்கோம் சார். எந்தப் படத்துலயும் இடைவேளைக்கு முன்னாடி என்ன கதைன்னு எனக்குத் தெரியாது" என்றார். போகிற வழியில் ஏதாவது ஒன்று இவர் கண்ணில் பட்டுவிடும். தொங்குகிற கேபிள், ஆடுகிற பலகை, வழுக்குகிற எண்ணெய். பட்டுவிட்டால் அன்றைய சினிமா பாதிதான்.

நான் அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை. "எல்லாரையும் இப்படிப் பத்திரமா வீட்டுக்கு அனுப்பி வச்சீங்கன்னா உங்க பாலிசியை எவன் மேடம் எடுப்பான்?" என்பேன். "பாலிசி எடுத்தவங்க விழாம இருந்தாத்தான் சார் கம்பெனிக்கு லாபம்" என்று சிரிப்பார். அவரோடு பேசுவது எப்போதும் இன்பமாக இருந்தது என்று சொன்னால் பொய். அதிகாரம் அதிகம். என் கடையில் தரையோடு ஓடிய ஒயரை மேலே ஏற்றி ஆணி அடிக்கிற வரைக்கும் என்னை அவர் விடவில்லை. பாலிசி பேசப் போன வீட்டில் முதலில் கேஸ் டியூப் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கும் பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் அவரை நான் மதித்தேன்.

எங்கள் தெருவில் தண்டவாளம் வெளியே வந்தது மெட்ரோ வேலை நடந்த சமயத்தில். பெரிய ரோட்டை மறித்துவிட்டதால் வண்டிகளெல்லாம் எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிடப்பட்டிருந்தன. அந்தக் கனத்தில் ரோடு நொறுங்கிப்போக, புதிதாகத் தார் போடுகிறோம் என்று ஒரு மிஷினைக் கொண்டுவந்து பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டினவர்கள் போய்விட்டார்கள், போடுகிறவர்கள் வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், தெரு வளைகிற இடத்தில், என் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்குள்ளிருந்து இரும்பு பளபளத்தது.

எதிர்வீட்டு மாமி வாசல் தெளிக்க வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். "இது டிராம் தண்டவாளமாக்கும். எங்காத்து மாமனார் இதுல ஏறித்தான் ஆபீஸ் போயிண்டிருந்தாராம். எல்லாத்தையும் அப்பவே பேத்து எடுத்துட்டான்னு சொல்லுவா. இந்தத் துண்டை மறந்துட்டா போலிருக்கு."

டிராமை நானும் பார்த்ததில்லை, மாமியும் பார்த்ததில்லை. ஆனால் அது விட்டுவிட்டுப் போன துண்டு தன் வேலையை உடனே ஆரம்பித்துவிட்டது. டிராம் தண்டவாளத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு இடுக்கு இருக்கும். சைக்கிள் டயர் அதற்குள் சரியாக உட்காரும். தெருவுக்கு நேர் குறுக்கே இருந்திருந்தால் ஒரு குலுக்கலோடு தாண்டிவிடலாம். இதுவோ வளைவில் சாய்வாகக் கிடந்தது. சைக்கிளில் வருகிறவர் தெருவோடு வந்தால் முன்சக்கரம் மெல்ல இடுக்கில் இறங்கும். அவர் ஹேண்டில்பாரைத் திருப்புவார், சக்கரம் திரும்பாது. அடுத்த நொடி ஆள் தரையில் கிடப்பார். பால் போடுகிறவர் விழுந்தார். ஸ்கூல் பெண்ணொருத்தி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். விழுந்தவர்கள் எழுந்து, நாலுபேர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை அவர் வந்தார். பார்த்துவிட்டார்.

கிளை நடலாம் என்றால் அது குழியில்லை. ரோட்டோடு ரோடாக இரும்பு. எங்கே நடுவது? புகார் நம்பருக்கு எத்தனை முறை போன் செய்தார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று மரியாதையாக மெசேஜ் வந்தது. கல்லை வைத்தார், லாரிக்காரன் எடுத்துப் போட்டுவிட்டான். "வெள்ளை பெயின்ட்டுல கோடு போட்டுடுங்களேன் மேடம்" என்று நான் யோசனை சொன்னேன்.

"நம்ம ஊர்ல பெயின்ட் கோட்டை மதிச்சு எவன் நின்னிருக்கான் சார்? சிக்னல்ல கோட்டுக்கு மேலதான் நிக்கிறான்" என்றார். கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோலம்னா ஒதுங்குவான்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வந்து, சக்கரம் இறங்குகிற அந்த மோசமான இடத்தின் மேலேயே பெரிய படிக்கோலம் ஒன்று போட்டார். சுரண்டின ரோட்டில் மாவு இழையாக நிற்காது. கைநிறைய அள்ளி அழுத்தி அழுத்திப் போட்டுச் சுற்றிலும் செம்மண் இட்டார். நான் கடையைத் திறக்கும்போது கோலம் மட்டும் இருந்தது, அவர் போயிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. காரும் ஆட்டோவும் கூட வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போயின. பெரிய ஆள்தான் இந்த மேடம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் டீக்காரர் வந்தார்.

சைக்கிள் கேரியரில் பெரிய டீ கேனைக் கட்டிக்கொண்டு, லஸ் பக்கத்திலிருந்து தேனாம்பேட்டை வரைக்கும் கடை கடையாக, ஆபீஸ் ஆபீஸாகப் போகிறவர். ஆற்றோரக் குடிசைகளைக் காலி செய்தபோது ஊருக்கு வெளியே போகாமல் தப்பித்து இந்தப் பக்கமே ஒரு சந்தில் குடியேறியவர். என் கடைக்கு அவர்தான் டீ. கோலத்தைப் பார்த்தார். சைக்கிளை வலது பக்கமாக ஒடித்தார். கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போகத்தான் ஒடித்தார். ஒடித்த திசை தண்டவாளம் போகிற திசை. சக்கரம் இடுக்கில் இறங்கி உட்கார்ந்தது. கேனோடு சேர்த்து அவர் கவிழ்ந்ததை நான் கல்லாவிலிருந்து பார்த்தேன். கொதிக்கிற டீ அவர் காலில் கொட்டி, செம்மண்ணோடு கலந்து ஓடியது. தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். "எவன்டா நடுரோட்ல கோலம் போட்டது? இன்னா, மார்கழியா இது? ஆளு மட்டும் கைல மாட்டட்டும்!" என்று ஒருவர் கத்தினார். எதிர்வீட்டு மாமியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். மாமி நடுங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யார் போட்டது என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். முகம் சுண்டிப்போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், "நான்தான் போட்டேன். என்னாலதான் விழுந்தாரு. எந்த ஆஸ்பத்திரி?" என்றார்.

கத்தினவர் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார். "ஏறுங்க மேடம், நானே இட்டுக்கினு போறேன்" என்றார்.

கடையைச் சாத்திவிட்டு நானும் அந்த ஆட்டோவில் ஏறினேன். டீக்காரரின் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். காலில் மருந்து தடவியிருந்தது. மேடம் கட்டிலருகே நின்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டீக்காரர் கேட்டுவிட்டு, "அத்த வுடு மேடம். கோலம்னா மிதிப்பாங்களா? ஒரு பொம்பள குனிஞ்சி போட்டது. நாந்தான் ஒதுங்குனேன்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "எலும்பு கூடிக்கும். லைனு பூடும். அதான் பேஜாரு."

லைன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு டீக்காரர் நாலுநாள் வரவில்லை என்றால் இன்னொரு சைக்கிள் அந்த வாசலில் வந்து நிற்கும். டீ குடிக்கிறவனுக்கு டீ வந்தால் சரி. திரும்பி வரும்போது அத்தனை வருஷமாகப் பிடித்து வைத்த கடையும் ஆபீஸும் இன்னொருவருடையதாகியிருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, அந்தத் தொழில் அப்படி. அவருடைய மனைவி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். டீ போடுவது அந்த அம்மாள்தான், ஆனால் அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

"லைன் போகாது. நான் ஓட்டறேன்" என்றார் மேடம்.

அந்த அம்மாள் தலையை உயர்த்தி இவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஓட்டுவியா? கோயிலுக்குப் போயாற சைக்கிள்னு நினைச்சுக்கினியா? கேனு ரொம்ப கனம் கீது."

"நாளைக்குக் காலையில கேனை ரெடி பண்ணி வைங்கம்மா" என்றார்.

இவர் எதையோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டார், இரண்டு நாளில் அடங்கிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலையில் என் கடை வாசலில் மணி அடித்தது. டீக்காரரின் அந்தப் பெரிய பார் வைத்த சைக்கிள். பின்னால் கேன். மேலே இவர், மகளின் சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து. அதுநாள் வரை புடவையைத் தவிர வேறெதிலும் அவரை நான் பார்த்ததில்லை. "டீ சார்" என்று பேப்பர் கப்பை நீட்டினார். வாங்கினேன்.

காலையில் டீ, மத்தியானத்துக்குமேல் பாலிசி, சாயங்காலம் மறுபடியும் டீ. முந்தின வாரம் வரை 'வாங்க மேடம், உட்காருங்க' என்று சொன்ன ஆபீஸில் அவர் வாசலில் நின்று 'டீ' என்று குரல் கொடுத்தார். சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்கள். "நீங்க ஒண்ணும் சொல்லலையா சார்?" என்று அவருடைய வீட்டுக்காரரைக் கேட்டேன். "தடுத்தேன்னா அப்புறம் வீட்ல நான்தான் சார் பள்ளம். என் மேல கிளையை நட்டுட்டுப் போயிடுவா" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கனத்தோடு ஓட்டத் தொடங்கிய பிறகுதான் மேடத்துக்குத் தண்டவாளத்தின் சூட்சுமம் புரிந்தது. முதல்நாளே விழப் பார்த்தார். இறங்கி, என் கடைப் படியில் உட்கார்ந்து, போகிற சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "சார், தண்டவாளத்தைப் பாத்து யாருமே ஒதுங்கலை. கோலம் போட்டப்ப கோலத்தைப் பாத்து ஒதுங்கினாங்க. அப்ப கோலம் தப்பில்லை. நான் போட்ட எடம் தப்பு" என்றார்.

அடுத்த நாள் ஒன்றுக்கு இரண்டாகக் கோலம் போட்டார். தண்டவாளத்தின் மேல் இல்லை. அதற்கு முன்னால் இடது பக்கம் ஒன்று, தாண்டி வலது பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள் தாராளமாகப் போகிற வழி. முதல் கோலத்தை மிதிக்கக் கூடாதென்று ஆள் வலப்பக்கம் ஒதுங்குவார். இரண்டாவதை மிதிக்கக் கூடாதென்று இடப்பக்கம் திரும்புவார். அப்படித் திரும்புகிறபோது சக்கரம் தண்டவாளத்தின் நேர் குறுக்கே போய்விடும். ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்கூல் பெண்கள் போனார்கள், பால்காரர் போனார், எதையும் யோசிக்காமல் அவர்கள் பாட்டுக்கு வளைந்து நேராகப் போனார்கள். பதினோரு மணிக்குள் லாரிகள் கோலத்தைத் தேய்த்துவிடும். அதனாலென்ன, மறுநாள் விடியலில் மறுபடியும் மாவு டப்பாவோடு வந்துவிடுவார். சில நாள் எதிர்வீட்டு மாமியும் செம்மண் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். மழை பெய்து மாவு கரைந்த நாட்களில் ஆட்டோக்காரர்கள் கோலம் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் தங்கள் வண்டிகளையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆளைத் தேடிக் கத்தினாரே, முதல் ஆட்டோ அவருடையதுதான்.

கட்டைப் பிரித்த பிறகு டீக்காரர் திரும்பி வந்தார். லைன் அப்படியே இருந்தது. இரண்டொரு ஆபீஸ் கூடவே சேர்ந்திருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்கு மாலை போடாத குறை. நான் கூட, இத்தோடு கதை சுபம் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் டீக்காரர் தண்டவாளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாண்டி, அப்புறம் ஏறினார். அடுத்த நாளும் அப்படித்தான். "இன்னா நைனா, புதுசா சைக்கிள் கத்துக்கினு கீறியா?" என்று ஸ்டாண்டில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "கால் தானா எறங்கிக்குது. நான் இன்னா செய்ய?" என்றார். அந்த ஒரு இடம் என்றில்லை. எங்கே ரோட்டில் ஒரு கோடு, ஒரு இரும்புத்தகடு, ஒரு வெடிப்பு தெரிந்தாலும் கால் இறங்கியது. மெட்ரோ வேலையில் ரோடெல்லாம் தகடுதான். சைக்கிளில் பிழைக்கிற மனிதர் பாதி வழியைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். தேனாம்பேட்டை போய்ச் சேர்வதற்குள் டீ ஆறியது.

மேடம் அதை என் கடையிலிருந்து பார்த்தார். மறுநாள் தன் சைக்கிளில் அவருக்கு முன்னால் போய், "என் பின்னாலயே வாங்கண்ணா, நான் போற தடத்துல" என்று அந்தக் கோலங்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார். மேடம் முன்னால் போனால் டீக்காரர் ஏறித் தாண்டினார். தனியாக வந்தால் இறங்கினார். அந்த மாதக் கடைசியில் ஒருவழியாகத் தார் போட்டார்கள். தண்டவாளம் இருந்த சுவடே இல்லாமல் மூடி, ரோடு வழவழவென்று ஆகிவிட்டது. டீக்காரர் அந்த வழவழப்பான ரோட்டிலும் அதே இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

"எலும்பை டாக்டர் சேத்துட்டாரு சார். நான் பண்ணினது இன்னும் அப்படியே இருக்கு" என்றார் மேடம். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். ஊர்ப் பள்ளத்துக்கெல்லாம் கிளை வைத்திருந்தவருக்கு இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அந்த வருஷத்து மார்ச் மாத முடிவு. ஏஜென்ட்டுகளுக்கு அது தலைபோகிற நேரம். டீ ஓட்டின நாட்களில் பாலிசி வேலை படுத்துவிட்டது. இன்னும் ஒன்று எழுதினால் அந்த வருஷக் கணக்கு நேராகும், இல்லாவிட்டால் ஆபீஸில் பேச்சு வாங்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஏதோ காப்பி எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் டீக்காரர் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த ஒண்ண என் பேர்ல எழுது" என்றார். "வூட்லயும் சொல்லிக்கினே கீது. வுழுந்தா இன்னா ஆவும்னு இப்பதான் தெரிஞ்சிபோச்சே."

மேடம் காகிதங்களை அடுக்கிக் கவரில் போட்டார். "உங்களுக்கு நான் எழுத மாட்டேண்ணா."

"ஏன், நான் துட்டு கட்ட மாட்டனா?"

"அதுக்கில்ல. உங்களை விழ வச்சது நான். விழுந்த பயத்துல நீங்க பாலிசி எடுப்பீங்க, அதுல எனக்குக் கமிஷனா? வேணாம்ணா, எனக்குச் சோறு இறங்காது." என் மேஜையிலிருந்து ஒரு வீணான தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் வேறொரு ஏஜென்ட்டின் பெயரையும் நம்பரையும் எழுதினார். அடையாறில் அவருடைய பாலிசியைத் தட்டிக்கொண்டு போனாரே, அதே ஆள். "இவர்கிட்ட எழுதுங்க. கட்டாயம் எழுதுங்க, தள்ளிப்போடாதீங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, கிளை கிடந்த கூடையில் கவரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டீக்காரர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "இன்னா சார் இது, நான் குடுக்கறேன்றேன், அது வேணாம்னுது! எவனோ ஒருத்தனாண்ட போய் நான் எழுதணுமா?" என்று தாளைக் கசக்கி எறிந்தார். அடுத்த நிமிஷம் சைக்கிளில் தாவி ஏறினார். "மேடம்! ஏ மேடம்! நில்லு!" என்று கத்திக்கொண்டு, மணியை விடாமல் அடித்துக்கொண்டு, கேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆட மிதித்தார். ஏஜென்ட்டைப் பார்த்து ஓடுகிறவர்களை என் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட்டைத் துரத்துகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டே படியிறங்கி வெளியே வந்தேன்.

மேடம் தண்டவாளம் இருந்த வளைவைத் தாண்டியிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினவர், அப்படியே பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

டீக்காரர் போய் அவர் பக்கத்தில் நிறுத்தினார். "இன்னாத்துக்கு மேடம் இந்த ஓட்டம் ஓடற? நான் இன்னா கடனா கேட்டேன்?" என்று மூச்சு வாங்கினார்.

"அண்ணா" என்றார் மேடம். "கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பினார். வந்த ரோட்டைப் பார்த்தார். தான் இன்னும் சீட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.